வாங்க மறுத்த கோடி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேணாம். கடலப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது, பொறந்ததுல இருந்து அதையேதான் பாக்குறேன். அந்தப் பைய மட்டும் மிதிச்சிராம... இல்ல, இங்க குடுங்க, மடியிலயே வச்சுக்கிறேன். உள்ள சேல இருக்கு. பையப் பாத்து பழசுன்னு நெனைக்காதீங்க, புதுச்சேல. அஞ்சு மாசமா புதுச்சேலையாவே இருக்கு.

தூத்துக்குடி வரைக்குமா? நல்லது. நானும் அங்கதான். அக்கா மகளப் பாக்கப் போறேன். ரூபிகான்னு பேரு, அங்க ஆஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்கிறா. நான் அவளுக்குத் தாய்மாமன். தாய்மாமன்னா சும்மாவா சார்? மொத மொட்டை எம் மடியில வச்சுத்தான் எடுத்தாக. சடங்குக்குச் சீர் கொண்டுபோனவன் நானு. அந்தப் பிள்ளை இப்ப எம் போன எடுக்கிறதில்ல.

உங்க கழுத்துல கெடக்குற பட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீங்க கம்பெனி ஆளுன்னு. எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காக. இருங்க, காட்டுறேன். இந்தா. 'தவசிராஜ், கள ஒருங்கிணைப்பாளர்.' போட்டாவுல மொறச்ச மாதிரி இருப்பேன். சிரிங்கண்ணான்னாக, எனக்கு வரல.

பவளப்பாறை நடுறது கேள்விப்பட்டிருக்கீங்களா? மரம் நடுறது ஊரு உலகத்துக்கே தெரியும். இது கடலுக்குள்ள நடுறது. சிமெண்டுல கட்டில் மாதிரி ஒரு சட்டம் செய்வாக. வெரல் நீளத்துக்கு உசுருள்ள பவளத் துண்டுகள அதுல வச்சுக் கட்டி, கடலடியில எறக்கிவிட்டா, பத்து வருசத்துல பாரா வளந்துரும்பாக. நாங்க பாருன்னுதான் சொல்லுவோம். படிச்சவுக பவளப்பாறைம்பாக.

கட்டுறது யாருங்கறீங்க? பெங்களூர்ல இருந்து வந்த ஆளுக. கம்பெனி பேரு வேணாம் சார், எனக்கு அவுக நல்லதுதான் பண்ணியிருக்காக. கம்ப்யூட்டர் வேலை. வருசத்துல ரெண்டு நாளு ஊருக்கு உபகாரமா ஏதாவது செய்யணும்னு அங்க ஒரு ஏற்பாடாம். போன மாசி மாசம் வந்தாக. ரெண்டு பஸ்ஸு, நூத்திருவது பேரு, அம்புட்டுப் பேருக்கும் நீலக்கலர் பனியன், முதுகுல ஆமை படம். கரையில பந்தல் போட்டு சட்டத்த வரிசையா வச்சிருந்தோம். பவளத் துண்ட நாங்க முந்தின நாளே எடுத்துத் தொட்டியில போட்டு வச்சிருந்தோம். எங்க இருந்து எடுத்ததுன்னா? நல்லா இருக்கிற பாருல ஒடிச்சதுதான், வேற எங்க இருந்து எடுக்கிறது?

கையுறைய மாட்டிக்கிட்டு உக்காந்து கட்டுனாக சார், பாவம், அந்த வெயில்ல. ஒரு துண்டுக்கு ஒரு பேரு வைக்கணும்னு சொல்லியிருந்தாக. ஒரு பொண்ணு அது வளக்குற நாய்க்குட்டி பேர வச்சுச்சு. ஒரு நரைச்ச தலைக்காரரு அவரு மேனேஜர் பேர வச்சாரு, மேனேஜர் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. எங்க ஊர்க்காரனுக வேலியோரமா நின்னு சிரிச்சானுக. நான் ஒரு சத்தம் போட்டேன். வந்தவுகளக் கேலி பண்ணலாமா?

இதுல என் வேலை எறக்குறது. படகு, ஆளு, கயிறு, எல்லாம் என் பொறுப்பு. சட்டத்துக்கு நாலு மூலையிலயும் வெரல் மொத்தத்துக்கு இரும்புக் கொக்கி, மேல பாத்து நிக்கும். அதுல கயித்த மாட்டி எறக்கணும். எறக்குனதும் ஒரு ஆளு முங்கிப்போய், இரும்புக் குழாய கொக்கியில சொருகி ஒரு அமுக்கு அமுக்கி, தரையப் பாத்து வளைச்சு விட்டுறணும். எறக்குறதுன்னா அதுவும் சேத்துத்தான். கம்பெனி குடுத்த பேப்பர்ல தமிழ்லயே எழுதியிருந்துச்சு. ஏன் வளைக்கணும்னு மட்டும் எழுதல.

எடமும் முதல்ல சொன்ன எடம் இல்ல சார். விஞ்ஞானிக குறிச்சுக் குடுத்தது தூரத்துல, ஆழத் தண்ணியில, முக்கா மணி நேர ஓட்டம். செத்துப்போன பாரு ஒண்ணு அங்க கெடக்கு. அதுக்கு மேல வைக்கணும்னாக. மொத நடை பத்துப் பேர ஏத்திக்கிட்டுப் போனேன். பாதி வழியிலயே எட்டுப் பேருக்கு வாந்தி. ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போன் போடுது. சட்டத்த எறக்கினா மேல இருந்து ஒண்ணுமே தெரியல, போட்டா எடுக்க வழியில்ல. வர்ஷா மேடம்னு ஒருத்தவுக, அவுகதான் கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவுல எல்லாத்தையும் பாக்குறவுக, அவுக மொகமே விழுந்துபோச்சு. "அண்ணா, ஏதாவது பண்ணுங்கண்ணா"ன்னாக. அம்புட்டுப் படிச்ச பொண்ணு, என்னைய அண்ணாங்குது. மனசு கேக்கல சார். "எங்க ஊருக்கு நேராவே கரைப்பாரு இருக்கு மேடம். ரெண்டு ஆளு ஆழந்தான். பத்து நிமிசத்துல போயிறலாம், தெளிஞ்ச தண்ணி, எல்லாம் தெரியும்"னேன். நாந்தான் சொன்னேன். அத நான் எங்கயும் மறைக்கல.

கரைப்பாரு யாரு எடம்னா, அது பொம்பளைக கடல்பாசி எடுக்கிற எடம். எங்க ஊர்ல ஒரு நாப்பது பொம்பளைக பாசிக்கு முங்குறவுக. அமாவாசைய ஒட்டி ஆறு நாளு, பௌர்ணமிய ஒட்டி ஆறு நாளு, மாசத்துக்குப் பன்னெண்டு நாளு எறங்குவாக. வெரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, வலைப்பைய ஒரு கயித்துல கோத்து அந்தக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு முங்குவாக. ரெண்டு கையும் பாசி பறிக்கணும்ல, அதுக்குத்தான் பை இடுப்புல. அந்தப் பாசி மருந்து மாத்திரைக்குப் போகுதாம், ஐஸ்கிரீமுக்குப் போகுதாம். முந்தியெல்லாம் தீவுப் பக்கம் போவாக. பாரஸ்ட்டுக்காரங்க விடமாட்டேன்னு சொன்ன பெறகு கரைப்பாரு ஒண்ணுதான் மிச்சம்.

எங்க அக்கா அதுல பெரிய கை. களஞ்சியம்னு பேரு. நாப்பத்தொம்பது வயசு. மச்சான் போய்ச் சேந்து பத்து வருசமாச்சு, இந்தப் பாசியிலதான் பிள்ளைய நர்சிங் வரைக்கும் கொண்டாந்துச்சு. எனக்கு ஏழு வயசுல எங்க ஆத்தா செத்துப்போச்சு சார். அக்காதான் எனக்குச் சோறு போட்டது, அடிச்சது, பள்ளிக்கூடத்துக்குத் தொரத்துனது. அக்கான்னா எனக்கு உசுரு. இத ஊர்ல இப்பச் சொன்னா மொகத்தத் திருப்பிக்கிறானுக.

சட்டம் எறக்குன அன்னிக்கு அக்கா பந்தலுக்கே வந்து நின்னுச்சு.

"டேய் தவசி, எங்க எடத்துல என்னத்தடா எறக்குற?"

"ஊருக்கு நல்லதுக்கா. மீனு பெருகும்."

"பெருகட்டும். நாங்க எங்கிட்டுப் போறது?"

"நடுவுல நடுவுல சந்து விட்டுத்தான் எறக்குறேன். நீ போய்ச் சாப்பிடு, வந்தவுகளுக்குப் பிரியாணி போட்டிருக்கு, உனக்கும் உண்டு."

சிரிச்சிருச்சு. எங்கிட்டச் சண்டை போடணும்னு வரும், சிரிச்சிரும். பிரியாணி பொட்டலத்த வாங்கி, லீவுல வந்திருந்த ரூபிகாவுக்குன்னு முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போச்சு.

இப்ப இந்தக் கொக்கிக் கதைக்கு வர்றேன். எறக்குன சட்டம் இருநூத்தி நாப்பது. முங்கி வளைக்கிற ஆளு எங்கிட்ட ரெண்டே பேரு. ரெண்டாவது நாளு மத்தியானம் வரைக்கும் வளைச்சுக்கிட்டுத்தான் இருந்தானுக. மூணு மணிக்கு மேடம் போன் பண்ணி, "அண்ணா, எல்லாரும் பஸ் ஏறணும், கடைசியா ஒரு படம் எடுக்கணும், போட்டெல்லாம் கரைக்கு வரட்டும்"னாக. மேல ஒரு குட்டி விமானம் பறந்து படம் எடுத்துச்சு. நூத்திருவது பேரும் மணல்ல மீனு மாதிரி வளைஞ்சு நின்னாக. அழகா இருந்துச்சு சார், எம் போன்ல இன்னமும் இருக்கு. அந்தக் கூட்டத்துலயே பேப்பரும் வந்துச்சு. 'சட்டங்கள் இறக்கப்பட்டன, கொக்கிகள் வளைக்கப்பட்டன'ன்னு இருந்துச்சு. பாதிக்கு மேல பாக்கிதான். நாளைக்கு வளைக்கப்போறதுதானேன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்க போட மாட்டீங்களா? பஸ்ஸு நிக்குது, ஆளுக நிக்குறாக.

மறுநாளு முங்குற பயலுக ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போயிட்டானுக. பங்குனியில ஊர்ப் பொங்கல். சித்திரையில மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லதான், இருந்தாலும் எதுக்கு வம்பு? ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் சும்மா இருந்தேன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

அக்கா பங்குனிலயே பாத்துருச்சு. முங்கி எந்திரிச்சு ஈரத்தோட நேரா வீட்டுக்கு வந்துச்சு. "கொக்கிய வளைக்காமயே விட்டிருக்கியே. எங்க இடுப்புல கயிறு இருக்குடா, மாட்டுனா என்ன ஆகும்? வளைச்சு விடு"ன்னுச்சு. சரின்னேன். அடுத்த அமாவாசைக்கும் வந்துச்சு. அதுக்கடுத்த பௌர்ணமிக்கும் வந்துச்சு. ஓயாம வந்தா மனுசனுக்கு ரோசம் வருமா வராதா? என் வீட்டுக்காரி நாகஜோதி முன்னால, நாலு பேரு முன்னால கேக்குது. "வளைச்சாச்சு, போ"ன்னுட்டேன். அடுத்த வாரம் வளைக்கத்தானே போறோம்னுதான் சொன்னேன், ஏமாத்தணும்னு சொல்லல.

அது என்ன பண்ணுச்சுங்கறீங்க? மத்த பொம்பளைகளக் கூப்பிட்டு, "எந் தம்பி வளைச்சுட்டானாம்டி, பயமில்லாம எறங்குங்க"ன்னு சொல்லியிருக்கு.

இதுக்கு நடுவுல சித்திரை வெயில்ல தண்ணி சுட்டு, கட்டுன துண்டெல்லாம் சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. நாய்க்குட்டி, மேனேஜர், எல்லாம் போச்சு. மேடம் படம் கேட்டாக. சங்கடப்படுவாகளேன்னு தீவுப் பக்கத்துப் பாரு படம் நாலு அனுப்பி வச்சேன். ரொம்ப சந்தோசம் அண்ணான்னு பதில் வந்துச்சு. செத்த துண்டு மேல பெறகு பாசி மொளச்சுச்சு சார். மொளச்சுச்சுன்னா அப்படி மொளச்சுச்சு, சட்டமும் தெரியல, கொக்கியும் தெரியல, ஒரே பாசி. கரைப்பாருலயே அங்கதான் நல்ல பாசி. பொம்பளைக எங்க போவாக? அங்கதான் போனாக.

ஆடியில கச்சான் காத்து அடிக்கும், தெரியுமா உங்களுக்கு? எங்க பக்கத்துக் கடலு அப்பக் கலங்கிப்போகும். நீட்டுன கை தெரியாது. ஆடி அமாவாசை கழிஞ்சு மூணாவது நாளு. காலையில ஒம்பது மணி இருக்கும். நான் கரையில நின்னு மேடத்துக்கிட்டப் போன்ல பேசிக்கிட்டிருக்கேன், அடுத்த வருசத்துக்கு எத்தனை சட்டம்னு. பொம்பளைக சத்தம் கேட்டுச்சு. போன மணல்ல போட்டுட்டு ஓடுனேன்.

நாந்தான் முங்கினேன். வேற யாரு? மூணாவது முங்குல கையில தட்டுப்பட்டுச்சு. நாந்தான் தூக்கியாந்து கரையில போட்டேன், நாந்தான் நெஞ்ச அமுக்குனேன், வாயில ஊதுனேன். ஆம்புலன்ஸ் வர்றப்பவே ஒண்ணும் இல்ல. அக்காவுக்குத் தலசுத்து உண்டு சார். வெறும் டீத்தண்ணிய குடிச்சுட்டுத்தான் எறங்கும். தலசுத்தி அலையில சிக்கியிருக்கும்னு எல்லாரும் சொன்னாக. நானும் ஸ்டேஷன்ல அப்படித்தான் சொன்னேன். பாசிப்பை எங்கன்னு கேட்டாக. அலை இழுத்துட்டுப் போயிருக்கும்னேன்.

இப்ப இந்தச் சேலைக்கு வர்றேன். உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் ஒரு பொம்பள செத்தா, பொறந்த வீட்டுக் கோடிச்சேலதான் கடைசியாப் போத்துறது. எத்தனை பேரு போத்துனாலும், கூடப்பொறந்தவன் போத்துற கோடியோடதான் தூக்கணும். உயிரோட இருக்கிறப்ப அக்கா தம்பிக்குள்ள வெட்டுக்குத்து இருந்தாலும் அன்னிக்குக் கோடி வந்துரும். நான் ராமநாதபுரம் போய் எடுத்தாந்தேன். அரக்குல மஞ்சக்கரை. அதுக்கு அரக்குன்னா பிரியம். தாம்பாளத்துல வச்சு, மேளத்தோட, சொந்தக்காரங்க பின்னால வர, தெருவுல நடந்து போறேன். வாசல்ல ரூபிகா நிக்குறா.

அவ கையில ஒரு கயிறு. அம்மாவக் குளிப்பாட்டுறப்ப இடுப்புல இருந்து அவுத்தாகளாம். ஒரு சாண் தொங்குச்சு.

"மாமா, இது பிஞ்ச கயிறா, அறுத்த கயிறா?"ன்னு கேட்டா.

ஊரே நிக்குது. மேளக்காரன் நிறுத்திட்டான். நைலான் கயிறு சார். பிஞ்சா நார்நாரா நிக்கும். இது கத்தி வச்ச மாதிரி மொட்டையா இருந்துச்சு.

"பாருல மாட்டியிருந்துச்சும்மா. அறுத்துத்தான் எடுத்தேன்"னேன்.

"அப்ப பை அலையோட போச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

தாம்பாளம் கையில கனக்குது.

"எதுல மாமா மாட்டியிருந்துச்சு? கல்லுலயா, கம்பியிலயா?"

"பெரியவன்கிட்டப் பேசுற பேச்சா இது"ன்னு சத்தம் போட்டேன். அப்பத்தான் அவ சொன்னா, "இந்தக் கோடி எங்கம்மா மேல விழக்கூடாது"ன்னு. எங்க சித்தப்பாரு, பெரியவுக எல்லாரும் சொல்லிப் பாத்தாக. ஒத்த வார்த்தை மாத்தல. கல்லு மாதிரி தம்பி ஒருத்தன் நிக்குறப்ப, பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எங்க அக்காவத் தூக்கிட்டுப் போனாக சார். எந்தப் பொம்பளைக்காவது அப்படி நடந்திருக்கா? பெத்த மகளே தாயிக்கு அந்தக் கேட்டப் பண்ணலாமா? தாம்பாளத்தோட திரும்பி அதே தெருவுல நடந்து வந்தேன்.

சாயல்குடியா இது? ஆமா. டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி, எனக்கும் வேணாம்.

உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க. கொக்கிதான் சார். கயிறு ரெண்டு சுத்துச் சுத்தியிருந்துச்சு. ஒரு கை கயித்தப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு கை கொக்கிய. அந்தக் கைய என்னால லேசுல எடுக்க முடியல. வளைக்கப் பாத்திருக்கு போல. வெரல் மொத்தக் கம்பி சார், குழாய் இல்லாம யாரால வளைக்க முடியும்?

விடுங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்க மொகத்தப் பாத்தா சொல்லணும்னு தோணுச்சு.

கருமாதி முடிஞ்சும் ஊரு அடங்கல. இந்தப் பிள்ளை வாசல்ல வச்சுக் கேட்டதால எல்லாரு வாயிலயும் கொக்கி கொக்கின்னு ஆகிப்போச்சு. பொம்பளைக ரெண்டு மாசம் எறங்கல. பெறகு வயிறு விடுமா? எறங்கணும், ஆனா பயமா இருக்கு. ஊர்க் கூட்டம் போட்டாக. "தவசி, நெசமா வளைச்சிருக்கியா?"ன்னு கேட்டாக. கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கல. அக்காளக் கொன்னவன்கிட்டக் கேக்குற மாதிரி கேட்டாக. வாங்கடா கோயிலுக்குன்னு எந்திரிச்சேன். காளியம்மன் வாசல்ல சூடத்தக் கொளுத்தி வச்சு, "எல்லாக் கொக்கியும் வளைஞ்சிருக்கு"ன்னு சொல்லி, உள்ளங்கையால அமத்திட்டேன். இந்தா பாருங்க தழும்பு. எங்க ஊர்ல சூடம் அமத்திச் சொன்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது. மறுநாளே எறங்கிட்டாக.

இதெல்லாம் போகட்டும். நல்ல விசயத்துக்கு வர்றேன். வர்ஷா மேடத்துக்கு அக்கா செத்தது தெரிஞ்சு போன்லயே அழுதுட்டாக. கடல்ல உசுர விட்ட ஒரு பெண்ணுக்கு நாம ஏதாவது செய்யணும் அண்ணான்னாக. தை மாசம் அடுத்த கூட்டம் வருது. இந்தத் தடவ இருநூறு பேரு. அறுபது சட்டம் அக்கா பேருல. கரையில கருங்கல்லுல ஒரு பலகை, 'களஞ்சியம் பவளத் தோட்டம்'னு. அக்கா படமும் வரும், பக்கத்துல ஆமை. எங்க ஊர்ல எத்தனை பேரு கடல்ல போயிருக்கான், எவனுக்காவது கல்லு வச்சானா?

நான் ஒரு யோசனை சொன்னேன், மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தெறக்குற அன்னிக்கு அந்தக் கல்லு மேல துணி போத்தியிருக்கணும்ல? இந்தச் சேலையப் போத்துவோம். ரூபிகா வந்து அத எடுக்கட்டும். அக்காவுக்கு நான் கோடி போத்துன மாதிரியும் ஆச்சு, மகளே ஏத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. நல்ல யோசனைதானே? அவ வரணும் சார். கம்பெனிக்காரங்களுக்கு அவ வரணும்னு இருக்கு, எனக்கு அதுக்கும் மேல. அவ ஒருத்தி வந்து அந்தச் சேலையத் தொட்டுட்டா, அதுக்குப் பெறகு எந்தப் பயலும் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தத் தெருவுல நான் தலை நிமிந்து நடக்கலாம்.

சார், ஒரு உதவி. உங்க போனக் கொஞ்சம் குடுக்கிறீங்களா? என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டா. ஆஸ்டல் வாசல்ல போய் நின்னு, பாக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான்னா அசிங்கமாப் போயிரும். முன்னாடியே ஒரு வார்த்தை. நம்பர் நான் சொல்றேன், நீங்க போடுங்க. போகுதா? குடுங்க.

ஹலோ. ரூபிகா... வச்சிராதம்மா, வச்சிராத, மாமாதான். பக்கத்துல ஒரு சாரு போன். பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன், ஒன்னயப் பாக்கத்தான். நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? ... சரி, சரி. விசயத்துக்கு வர்றேன். தை மாசம் அம்மா பேருல... ஆமா, கம்பெனிதான். அம்மா பேருல கல்லு வைக்கிறாக... இல்லம்மா, கேளு... அதக் கேக்குறியா... அது அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சும்மா, கோயில்லயே முடிஞ்சுபோச்சு. நான் சொல்றதக் கேளு, அரக்குச் சேல, அம்மாவுக்குன்னு எடுத்த... ரூபிகா... ஹலோ. ஹலோ?

சிக்னல் போயிருச்சு போல. வேம்பார் பக்கம் இப்படித்தான். இந்தாங்க சார் போன்.

என்ன சொன்னாளா? ஒண்ணும் சொல்லல. கல்லப் பத்திச் சொல்றேன், படத்தப் பத்திச் சொல்றேன், காதுலயே வாங்கல. "கொக்கிய வளைச்சாச்சா மாமா?"ன்னு கேட்டா. மூணு தடவையும் அதையேதான் கேட்டா. கோவமாக்கூடக் கேக்கல. அவுக அம்மா வீட்டு வாசல்ல ஈரத்தோட வந்து நின்னு கேக்குமே, அதே மாதிரி கேக்குறா. பெறகு ஒண்ணு சொன்னா. "வளைச்சுட்டுக் கூப்பிடுங்க மாமா, அன்னிக்குக் கோடிய நானே வந்து வாங்கிக்கிறேன்"னு. அவ்வளவுதான். வச்சுட்டா.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? வளைக்கிறது பெரிய வேலையா? குழாய் எங்க வீட்டு வாசல்லதான் கெடக்கு. நானே முங்குனா நாலு நாளு. ஆனா யோசிச்சுப் பாருங்க. சூடம் அமத்திச் சத்தியம் பண்ணியிருக்கேன், காளி வாசல்ல. இப்பக் குழாயத் தூக்கிக்கிட்டு எறங்கினா, அந்தச் சத்தியம் பொய்யின்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிருமா ஆகாதா? கம்பெனி பேப்பர்ல வேற என் கையெழுத்து இருக்கு. வர்ஷா மேடம் என்ன நெனைப்பாக? கல்லு வைக்க வந்த எடத்துல இந்தப் பேச்செல்லாம் வந்தா, கல்லே வராமப் போனாலும் போயிரும். அக்காவுக்குக் கெடைக்கிற மரியாதைய நான் கெடுக்கலாமா? சின்னப் பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் புரியல.

இனி தூத்துக்குடி போய் என்ன பண்ண? அடுத்த நிறுத்தத்துல எறங்கி, எதுத்தாப்புல வர்ற பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். பொழுது சாயுறதுக்குள்ள போயிரணும். நாளைக்கு அமாவாசை, பொம்பளைக பாசிக்கு எறங்குவாக. நாகஜோதியும் எறங்குறா. போன மாசத்துல இருந்துதான் போறா, வேணாம்னா கேக்கல. மழைத் தண்ணி வந்து கடலு கலங்கித்தான் கெடக்கு.

அவகிட்ட மட்டும் சொல்லி வச்சிருக்கேன், பாசிப்பைக் கயித்த இடுப்புல கட்டாத, கையில பிடிச்சுக்கன்னு. ஏன்னு கேட்டா. சொன்னதச் செய்யின்னேன்.

மத்த பொம்பளைகளா? அவுககிட்ட நான் எப்படிச் சார் சொல்றது?